ஆர் மொழியின் டேட்டா.டேபிள்: ஒரே அடைப்புக்குறிக்குள் மொத்த வேலையும்

புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் நிரல்மொழியில் அட்டவணைகளோடு புழங்குவோருக்கு டேட்டா.டேபிள் என்னும் கூடுதல் கருவித் தொகுப்பு புதியதன்று. மாட் டவுல் தொடங்கிய இத்தொகுப்பு, 2006 முதல் ஆர் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான கிரானில் இலவசமாகக் கிடைக்கிறது. பின்னாளில் அருண் சீனிவாசன் இதன் முக்கிய ஆக்குநர்களில் ஒருவரானார். 2014இல் வந்த டிப்ளையர் என்னும் மற்றொரு தொகுப்பு, படித்தவுடன் புரியும் வினைச்சொற்களால் புதியவர்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது உண்மைதான். ஆயினும், பெரிய அட்டவணையிலிருந்து வேண்டிய வரிசைகளையும் நெடுவரிசைகளையும் எடுத்துக் கணக்கிடும் அன்றாட வேலைக்கு நான் டேட்டா.டேபிளையே முதலில் சொல்வேன்.

இதன் அழகு சதுர அடைப்புக்குறியில் இருக்கிறது. முதல் இடத்தில் எந்த வரிசைகள் என்பதையும், காற்புள்ளிக்குப் பின் அவற்றை என்ன செய்வது என்பதையும், மூன்றாவதாக எதன்வாரியாகப் பிரிப்பது என்பதையும் எழுதினால் போதும். ஆர் மொழியுடனேயே வரும் ஏர்குவாலிட்டி தரவை எடுத்துக்கொள்வோம்: நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை பதிவான காற்றின் அளவீடுகள், 153 வரிசைகள், 6 நெடுவரிசைகள். வெப்பம் மிகுந்த நாட்களை மட்டும் பிரித்து, மாதவாரியாக ஓசோன் சராசரி காண அடிப்படை ஆர் மொழியில் சில படிகள் தேவைப்படும். அட்டவணையின் பெயரையும் டாலர் குறியையும் மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அது ஒரே வரி.

வரிசைகளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்தத் தரவில் ஓசோன் நெடுவரிசையில் 37 இடங்கள் விடுபட்டுள்ளன. ஓசோன் 100ஐத் தாண்டிய நாட்களைத் தருமாறு ஆர் மொழியின் இயல்பான அட்டவணை வடிவமான டேட்டா ஃபிரேமிடம் அடைப்புக்குறி வழியே கேட்டால், எல்லாக் கட்டங்களும் வெறுமையான 37 வரிசைகளையும் சேர்த்தே நீட்டும். டேட்டா.டேபிள் விடுபட்ட மதிப்பைப் பொருந்தாததாகவே கொண்டு, அவ்வரிசைகளை ஒதுக்கிவிடுகிறது. யாரும் எதிர்பார்ப்பது இதைத்தானே!

நெடுவரிசைகளின் கதை அவ்வளவு சீரானதன்று. பெயரை மட்டும் எழுதினால் வெறும் திசையன், அதாவது மதிப்புகளின் தனி வரிசை, வரும். அதையே முன்னால் புள்ளியிட்ட அடைப்புக்குறிக்குள் எழுதினால் அட்டவணையாக வரும். வேண்டிய பெயர்களை ஒரு மாறியில் வைத்திருந்தால், அம்மாறியின் முன் இரு புள்ளிகள் இட வேண்டும். இல்லையேல் அந்த மாறியின் பெயரிலேயே ஒரு நெடுவரிசையைத் தேடிப் பிழை காட்டும். காரணம் புரிந்துவிட்டால் கை பழகிவிடும், ஆனால் கற்கத் தொடங்குபவரை முதலில் சலிப்படையச் செய்வது இந்தப் புள்ளிகள்தாம்.

அதிகக் கவனம் வேண்டுவது := என்னும் குறி. அட்டவணை முழுவதையும் நகலெடுக்காமல், நினைவகத்தில் இருக்கும் இடத்திலேயே நெடுவரிசையைச் சேர்க்கவோ மாற்றவோ செய்வதால், கோடிக்கணக்கான வரிசைகள் இருந்தாலும் கணினி திணறுவதில்லை. ஆனால் அட்டவணைக்கு வேறொரு பெயரிட்டு, அது நகல் என்று நம்பி மாற்றினால், மூலமும் சேர்ந்தே மாறிவிடும். காப்பி என்னும் செயற்கூற்றை வெளிப்படையாக அழைத்தால்தான் தனி நகல் கிடைக்கும். மேலும், விடுபட்ட ஓசோன் இடங்களை மட்டும் சராசரியான 42.13 கொண்டு இக்குறியால் நிரப்பிப் பார்த்தால், அந்த நெடுவரிசை முழு எண் வகையைச் சேர்ந்தது என்பதால் 42 மட்டுமே பதியும். எச்சரிக்கை வரும் என்பது நற்செய்தி. நீண்ட நிரலை ஓடவிட்டு எச்சரிக்கைகளைப் படிக்காமல் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதனால் பயனில்லை. முதலில் நெடுவரிசையைத் தசம வகைக்கு மாற்றிவிட்டு நிரப்புவதே முறை.

சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் எஃப்ரீட் செயற்கூறு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வேகமானது, பிரிப்புக் குறியையும் தரவு வகைகளையும் தானே கண்டுகொள்கிறது. ஆர் மொழியைத் தவிர வேறு எந்தத் தொகுப்பையும் டேட்டா.டேபிள் சார்ந்திராததும், பழைய கணினிகளில் நிறுவுவோருக்குப் பெரிய நிம்மதி.

சில ஆயிரம் வரிசைகளோடு நின்றுவிடுபவர்களும், தம் நிரலைப் பிறர் படித்துத் தொடர வேண்டிய குழுக்களும் டிப்ளையரிலேயே இருக்கலாம். வேகமும் வேண்டுமென்றால் அவர்களுக்கு டிடிப்ளையர் என்னும் தொகுப்பு இருக்கிறது. டிப்ளையர் நடையில் எழுதியதை அது டேட்டா.டேபிள் கட்டளையாக மாற்றிக்கொள்ளும். இயல்பாக அது மூல அட்டவணையைத் தொடாமல் நகலில் மாற்றம் செய்வதால் நேரடியாக எழுதுவதைவிடச் சற்று மெதுவாகத்தான் ஓடும்; ஆனால் := குறித்த மேற்சொன்ன அச்சம் அங்கே இல்லை.