வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா? கொழும்பில் வீடு தேடுமுன்

கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுத்த கேள்வி, "வெள்ளவத்தையில் வீடு பார்த்தாச்சா?" என்பதுதான். மலையகத்திலிருந்து வருபவர்கள் பலர் கொட்டாஞ்சேனைப் பக்கம் விசாரிப்பார்கள். இரு தரப்பும் சொந்தக்காரர் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறார்கள். தினமும் காலையில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான் என்பேன். வாடகை அதற்குப் பிறகு.

வெள்ளவத்தையின் பெரிய பலம் ரயில். காலி வீதியில் 100, 101 பஸ்களுக்குக் குறைவில்லை, ஆனால் காலை எட்டு மணிக்கு அவை ஊர்ந்துதான் போகும். கரையோர ரயில் அந்த நெரிசலில் மாட்டாமல் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கோட்டைக்குப் போய்விடும். சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் கைக்கு அடக்கம். உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் நம்பவேண்டாம். அப்புறம், ஊர்ச் சாமான் அத்தனையும் கிடைக்கும்: ஒடியல் மா, யாழ்ப்பாணத்து முருங்கைக்காய், பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். இரவு யாழ்ப்பாண பஸ்ஸில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறலாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேதான்.

இந்த வசதிக்கெல்லாம் விலை உண்டு. ஒரே அளவு வீட்டுக்கு இங்கே வாடகை கொட்டாஞ்சேனையை விடக் கூட. மரைன் டிரைவ் பக்கத்து அடுக்குமாடி என்றால் வீட்டுக்காரர் நேராக பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவார். நீங்கள் ஜன்னல் கீலைப் பாருங்கள். உப்புக்காற்று கீல், கிறில், ஏசி வெளிப்பெட்டி எதையும் விட்டுவைக்காது. புதுப் பெயின்டுக்கு அடியில் துருக் கொப்புளம் தெரிந்தால், அந்தச் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே பேசிவிடவேண்டும். ரயில் சத்தத்துக்கும் பழகவேண்டும்.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். புறக்கோட்டையிலோ கோட்டையிலோ துறைமுகத்திலோ வேலை என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை; கால் நடையாகக்கூடப் போய்வரலாம். ஹட்டன், நுவரெலியா பஸ்ஸுக்கும் புறக்கோட்டைதான். நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி மொத்த விலைக்கு வாங்கி வீட்டுக்கு ஓட்டோவில் ஏற்றிவரலாம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், கொச்சிக்கடை அந்தோனியார், லூசியா பேராலயம் எல்லாம் கூப்பிடு தூரம். குறை என்றால், ஒடுங்கிய தெருக்கள், வாகனம் நிறுத்த இடமின்மை, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறிகள். வேலை பம்பலப்பிட்டிக்குத் தெற்கே என்றால் இங்கே எடுக்காதீர்கள். நகரின் நடுவயிற்றைத் தினமும் இருமுறை கடக்கவேண்டி வரும்.

பிள்ளைகள் இருந்தால் கணக்கு மாறும். பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும், வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகமும், கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா, பெனடிக்ட், நல்லாயன் பாடசாலைகளும் இருக்கின்றன. ஆனால் அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பு அனுமதிக்கு, பக்கத்து வீடு என்பது மட்டும் போதாது. அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்கும் புள்ளி உண்டு. ஐந்து வருடம் வரை பார்ப்பார்கள். பிள்ளை பிறக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடம் பதியாதவர்கள் நாலு வயதில் ஓடித்திரிவதை ஒவ்வொரு வருடமும் காணலாம்.

தெஹிவளை, வெள்ளவத்தைக்கு ஒட்டியபடியே இருந்தாலும் வேறு மாநகரசபை. அதே ரயில் பாதைதான், வாடகை கொஞ்சம் இறங்கும். குடும்பமாக வருபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வத்தளையில் அதே காசுக்குப் பெரிய வீடு கிடைக்கும். ஆனால் அது கம்பஹா மாவட்டம், ஊருக்குள் ரயில் வராது, களனி ஆற்றைத் தாண்டித்தான் தினமும் வரவேண்டும். 2021இல் புதுப் பாலம் திறந்தும் காலை நெரிசல் தீர்ந்தபாடில்லை.

எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம். கொடுக்கும் அட்வான்ஸ் மாதாமாதம் வாடகையில் கழியுமா, கடைசியில் மொத்தமாகத் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதி என்றால் தனி மீற்றரா என்று கேளுங்கள். மின்கட்டணம் அலகு கூடக்கூட உயர்ந்த விலைக்குத் தாவும். வீட்டுக்காரரோடு ஒரே மீற்றர் என்றால் அவர்களது ஏசிக்கும் சேர்த்து நீங்கள் அந்த மேல் விலையில் கட்டுவீர்கள்.

வீடு கிடைக்கும்வரை லொட்ஜில் தங்குவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பாவிட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. போர்க் காலத்தில், 2007 ஜூனில், லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் பிடித்துப் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. இன்று நிலைமை வேறு. ஆனாலும் ஒப்பந்தப் பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் வீட்டில் ஒன்றாக வைத்திருப்பது நல்லது, வீட்டில் இருப்பவர்களின் விபரம் கேட்கும் பொலிஸ் படிவத்தோடு யாராவது வந்தால் தேட வேண்டியிருக்காது.

கடைசியாக, வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று கொழும்பு முழுவதும் வசதியாகத்தான் தெரியும். திங்கள் காலை ஏழரைக்கு அந்த வாசலில் நின்று, அங்கிருந்து வேலைத்தலத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள்.