குறும்பதிவுத் தேடல்: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம்

"குறிப்பு எழுதத் தனி ஆப் எதற்கு? எல்லாவற்றையும் டைம்லைனிலேயே போட்டுவிட்டு, வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். பல வருடமாக நான் செய்துகொண்டிருப்பதே அதுதான். மோட்டார் கண்டென்சர் விலை, எந்த மெஸ்ஸில் மீன்குழம்பு நன்றாக இருக்கும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. எந்தத் தளம் என்ற பெயர் வேண்டாம். நான் மாறி மாறி இருந்த எல்லா இடத்திலும் ஒரே கதை.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். அடையாறு பக்கம் குடை ரிப்பேர் செய்பவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். "அடையாறு குடை" என்று தேடினால் ஒன்றும் வராது. நான் எழுதியது "அடையாற்றில் ஒருவர் குடையைப் பத்தே நிமிடத்தில்" என்று. தமிழில் யார்தான் ஊர்ப்பெயரை மொட்டையாக எழுதுகிறார்கள்? அடையாற்றுக்கு, அடையாற்றிலிருந்து, பேச்சுவழக்கில் எழுதுகிறவர் என்றால் அடையார்ல. தேடல் பெட்டியைப் பொறுத்தவரை இவையெல்லாம் ஒன்றையொன்று முன்பின் பார்த்திராத சொற்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டி வேரைப் பிடிக்கும் வழியை மார்ட்டின் போர்ட்டர் 1980-லேயே எழுதிவிட்டார். பல மொழிகளுக்கும் அதே வேலையைச் செய்ய அவர் தொடங்கிய ஸ்னோபால் என்ற நிரல் திட்டத்தில் 2019-ல் தமிழும் சேர்ந்தது. இலவசம், யாரும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். நான் தட்டிய எந்தத் தேடல் பெட்டியிலும் அதன் வாசனைகூட அடிக்கவில்லை.

நீண்ட கட்டுரையாக இருந்தால் இது இவ்வளவு உறுத்தாது. அங்கே அடையாறு ஏழெட்டு உருவத்தில் வந்திருக்கும், ஏதாவது ஒன்று மாட்டும். குறும்பதிவில் அந்தச் சொல் வருவதே ஒரு தடவைதான். பல நேரம் அதுவும் வராது. ட்விட்டர் 2017-ல் ஒரு பதிவுக்கான எழுத்து வரம்பை 140-இலிருந்து 280 ஆக்கியபோதும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, 'கி' என்பது இரண்டு எழுத்தாகத்தான் கணக்கு. இடத்தை மிச்சம் பிடிக்கப் பெயர்ச்சொல்லைத் தூக்கிவிடுவோம். "அதே கடைதான், இப்போ மாடிக்குப் போயிட்டாங்க" என்று ஒருவர் பதில் போட்டிருப்பார். உருப்படியான தகவல் அந்த ஒரு வரிதான். எதைப் போட்டு அதைத் தேடுவது?

ஸ்ரீரங்கம் இன்னொரு கூத்து. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு முறையில் 'ஸ்ரீ' இரண்டு விதமாகப் பதிவாகலாம், ஒன்று ஸ-வில் தொடங்குவது, மற்றது ஶ-வில் தொடங்குவது. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் கீபோர்டு ஒன்றைத் தட்டும், எழுதியவருடைய கீபோர்டு மற்றதைத் தட்டியிருக்கும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். தேடலில் பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, தேதி. ட்விட்டர் 2014 நவம்பரில் 2006-இலிருந்து வந்த பொதுப் பதிவுகள் அத்தனையையும் தேடலுக்குள் கொண்டுவந்தது. சுமார் 50,000 கோடி பதிவுகள் என்று சொன்னார்கள். அதற்கு முன் பெரும்பாலும் அண்மைப் பதிவுகள்தான் அகப்படும். 'இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை' என்று கொடுக்கும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு 2015 டிசம்பர் முதல் மூன்று நாட்களைத் திறந்து பாருங்கள். சென்னை வெள்ளத்தில் அடையாறு ஆறு கரை மீறிய அந்த இரவில் யார் வீட்டு மாடியில் இடம் இருந்தது, எங்கே போன் சார்ஜ் போடலாம், எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும் என்பதெல்லாம் எழுத்துப்பிழையோடு அப்படியே இருக்கின்றன. அழித்தவர்கள், பூட்டிக்கொண்டு போனவர்கள் நீங்கலாக. செய்தித்தாள் மறுநாள் சொன்னது வேறு, இது வேறு. அந்த நாட்களின் பதிவுகள் இன்றும் சுலபமாகக் கிடைப்பதற்கு #ChennaiRains மாதிரியான ஹேஷ்டேக்குகளும் காரணம். டேக்கோடு 'இல்', 'க்கு' ஒட்டினால் அது வேறு டேக் ஆகிவிடும் என்பதால் எல்லோரும் உருபைக் கழற்றிவிட்டுத்தான் எழுதினார்கள். கிறிஸ் மெசினா 2007-ல் அந்த # குறியை யோசனையாகச் சொன்னபோது நம் வேற்றுமை உருபுகளை நினைத்திருக்க மாட்டார்.

எண்களும் நல்ல பிள்ளைகள். 450 என்றைக்கும் 450-தான், அதற்கு வேற்றுமை கிடையாது. விலை ஞாபகம் இருந்தால் நான் அதைப் போட்டுத்தான் தேடுகிறேன்.

அப்புறம் இந்த ஆர்க்கைவ். நாம் எழுதியது மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளச் சில தளங்கள் விடுகின்றன. அந்தக் கோப்பை லேப்டாப்பில் சாதாரண எடிட்டரில் திறந்து "அடையா" என்று தட்டினேன். அடையாறு, அடையாற்றில், அடையார்ல, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, குடைக்காரரும் வந்தார். அத்தனை சர்வர்களை வைத்துக்கொண்டு செய்யாததை ஒரு நோட்பேட் செய்துவிட்டது. ஆனால் அதில் நான் பேசியது மட்டும்தான் இருக்கிறது, மற்றவர்கள் சொன்ன பதில் இல்லை. "ஓ, அப்படியா, ரொம்ப நன்றி" என்று நான் எழுதியது வருகிறது. எதற்கு நன்றி சொன்னேன் என்பது தளத்தில்தான் இருக்கிறது.

சேர்த்துவைப்பது ஒன்று, எடுத்துக்கொடுப்பது வேறொன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-ல் எல்லாப் பொது ட்வீட்களையும் சேர்த்துவைக்க ஆரம்பித்து, 2018-லிருந்து தேர்ந்தெடுத்தவை போதும் என்று நிறுத்திக்கொண்டது. அதற்குள் குவிந்ததையே பொதுமக்கள் தேடிப்பார்க்கும்படி திறக்க முடியவில்லை. அவர்களுக்கே அந்தப் பாடு என்றால் நம் மீன்குழம்பு எம்மாத்திரம்.

ஆக, தேதித் தேடல் பிரமாதம், எண் தேடல் பிரமாதம், பழைய நாட்களைப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. குறிப்பேடாக வைத்துக்கொள்ளலாமா என்றால், வேண்டாம். போன வாரம் கேட்டிருந்தால் தாராளமாக என்றிருப்பேன். நேற்று ஸ்ரீரங்கத்தில் தங்க இடம் சொன்ன ஒரு பதிவைத் தேடி மாலை முழுக்கப் போனதால் இந்தப் பதில். நான் விடப்போவதில்லை, அது தனி விஷயம்.

நண்பர் எப்படியும் கேட்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு யோசனை: பதிவின் கடைசியில் ஊர்ப்பெயரையும் பொருளையும் உருபு எதுவும் ஒட்டாமல் ஒருமுறை போட்டுவிடுங்கள். அடையாறு. குடை. ரிப்பேர். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, தேடினால் வருகிறது.