ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லுக்கு எது: சீலன்ட்டா, ஃப்ளூரைடு வார்னிஷா?

பால் பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஆறு வயதுவாக்கில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பல பெற்றோர் அதையும் விழப்போகும் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். மெல்லும் பரப்பில் பிரஷ் நார்கூட நுழையாத குறுகிய பள்ளங்கள் அதற்கு உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே தங்கி, சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஹெச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும். அதுதான் சொத்தையின் ஆரம்பம்.

இதைத் தடுக்க, சீலன்ட் அந்தப் பள்ளங்களையே ரெசின் என்ற பிசின் போன்ற பொருளால் மூடிவிடுகிறது. பல்லைக் குடைய வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆனால் பூசும்போது எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. பிள்ளை சற்று நேரம் வாயைத் திறந்தபடி ஒத்துழைக்க வேண்டும். நன்றாக ஒட்டினால் சில வருடங்கள் தாங்கும். இடையில் பெயர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வார்னிஷ் என்பது எனாமலை வலுவாக்க பல்லின் மேல் தடவும் ஃப்ளூரைடு பூச்சு. சில நிமிட வேலை, அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் பூசலாம். பெரும்பாலும் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு. பால் பற்கள் உட்பட எல்லாப் பற்களுக்கும் பலன் உண்டு. பல் இடுக்குகளுக்கும் அதுதான் உதவும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

ஆழமான பள்ளம் என்றால் நான் சீலன்ட் பக்கம்தான். ஈறு இன்னும் பாதிப் பல்லை மூடியிருந்தால் இப்போதைக்கு வார்னிஷ், பல் முழுதாக வெளியே வந்த அப்புறம் சீலன்ட்.