காசில்வேனியாவின் மெடூசா தலைகள்: பல வருடம் ஆடிய அனுபவம்

மேடைக்கு மேடை தாவி முன்னேறும் பிளாட்ஃபார்ம் வீடியோ கேம்களில் பறந்து வரும் எதிரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நான் ஆடும் விதத்தையே மாற்றியவை மெடூசா தலைகள்தான். கோனாமியின் முதல் காசில்வேனியாவில், 1986-ல் வந்தவை. இன்றைக்கும் அந்த கேமைத் திரும்பத் திரும்ப எடுத்து ஆடுகிறேன் என்றால் பாதிக் காரணம் இவைதான்.

இவை செய்வது ஒன்றே ஒன்று. திரையின் ஓரத்தில் கிளம்பி, சைன் அலை மாதிரி மேலும் கீழுமாக நெளிந்தபடி மறுபக்கம் போய்விடும். துரத்தாது, நின்று சுடாது. நம் நாயகனின் ஆயுதமான சாட்டை ஒருமுறை பட்டாலே காலி. ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்வரை ஒன்று போனால் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் எதற்கு இவ்வளவு பயம்? நாம் ஆட்டுவிக்கும் அந்த நாயகன் சைமன் பெல்மான்ட்டால்தான். குதித்துவிட்டால் நடுவானில் அவனால் திசை மாற்ற முடியாது. சாட்டை பின்னால் போய் முன்னால் வருவதற்குள் ஒரு சின்னத் தாமதம். அடி பட்டாலோ பின்பக்கமாகத் தூக்கி வீசப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால், உயிர் முழுசாக இருந்தும் கதை முடிந்தது. சைமனின் ஒவ்வொரு பலவீனத்தையும் அளந்து பார்த்துச் செய்த எதிரி இது.

உச்சம், டெத் என்ற பாஸுக்கு (ஒரு பகுதியின் முடிவில் வரும் பெரிய எதிரி) முன்னால் வரும் நீண்ட நடைபாதை. எதிரே கவச வீரன் கோடரியை வீசுகிறான், கூடவே தலைகள் நெளிந்து வருகின்றன. சைமனுக்கு இருப்பது 16 உயிர்க்கோடுகள். அந்த இடத்தில் ஒரு அடிக்கு 4 போய்விடும். இங்கே அவசரப்பட்டு முன்னேறினால் வேலைக்கு ஆகாது. தலை நம்மை நெருங்கும்போது அலையின் மேட்டில் இருக்குமா, பள்ளத்தில் இருக்குமா என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். மேட்டில் என்றால் அடியில் நடந்து போய்விடலாம். பள்ளத்தில் என்றால் நின்று, சாட்டையைக் கொஞ்சம் முன்கூட்டியே சொடுக்க வேண்டும். துணை ஆயுதத்தில் நான் எப்போதும் புனித நீரைத்தான் வைத்துக்கொள்வேன். தரையில் எரியும் அந்தத் தீ கவச வீரனை அப்படியே நிறுத்திவிடும். தலைகளைக் கவனிக்க நமக்கு நேரம் கிடைக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: படிக்கட்டில் நிற்கும்போது அடி பட்டால் சைமன் தூக்கி வீசப்பட மாட்டான். உயிர் குறையும், அவ்வளவுதான்.

1988-ல் வந்த நிஞ்சா கெய்டன் என்ற இன்னொரு கேமின் பறவைகளையும் நிறைய ஆடிப் பார்த்திருக்கிறேன். அவை நம்மைக் குறிவைத்துத் திரும்பித் திரும்பிப் பாயும். எனக்கு அது வெறும் எரிச்சல். மெடூசா தலை தன் பாதையை முழுசாகக் காட்டிவிட்டுத்தான் வருகிறது, அதனால் எத்தனை முறை செத்தாலும் கோபம் வருவதில்லை.

காசில்வேனியா வரிசையில் 1997-ல் வந்த சிம்ஃபனி ஆஃப் த நைட்டில் இதே தலைகள் மணிக்கூண்டில் பறக்கின்றன. மஞ்சள் தலை பட்டால் அதன் நாயகன் அலுகார்ட் கல்லாகிவிடுவான். இருந்தாலும் காற்றிலேயே திசை மாற்றத் தெரிந்தவன் என்பதால் அந்தப் பழைய நடுக்கம் இல்லை.

புதிதாக ஆடுகிறவர்கள் முதல் கேமின் இரண்டாவது பகுதியில், மெடூசா பாஸுக்கு முன்னால் வரும் இடத்திலேயே பொறுமையாகப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு அடிக்கு 2 கோடுகள்தான் குறையும்.