பழவேற்காடு "லேக் லூப்" சைக்கிள் ரைடு: பணம் கட்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மக்களே, பழவேற்காடு ஏரியை ரோட் பைக்ல ஒரே நாள்ல முழுசா சுத்தி வரலாம், 150 கி.மீ. லூப், தலைக்கு 2,200 ரூபாய்னு ஒரு போஸ்டர் வாட்ஸப்ல ஓடிட்டு இருக்கு. நான் அதுல காசு கட்டிப் போய்ட்டு வந்தவன். தயவுசெஞ்சு கட்டாதீங்க, அப்படி ஒரு ரூட்டே கிடையாது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு, அங்க இருக்கிறது இஸ்ரோவோட ராக்கெட் ஏவுதளம். அதுக்குள்ள பூந்து தெற்கால இறங்கி, படகுல சைக்கிளை ஏத்தி பழவேற்காட்டுக்கு வந்துடலாம்னு மேப்ல கோடு போட்டுக் காட்டுறாங்க. ரைடு நடத்துறவர்கிட்ட போன் பண்ணி கேட்டதுக்கு "பர்மிஷன் லெட்டர் கையில இருக்கு சார், நீங்க வாங்க"ன்னு அவ்ளோ உறுதியா சொன்னாரு.

விடியறதுக்கு முன்னாடி செங்குன்றத்துல கிளம்பினோம். தடா வரைக்கும் ஹைவே ஓரம்தான், அங்க வெடிச்ச லாரி டயர்லேர்ந்து வர்ற மெல்லிசு கம்பி எல்லா இடத்துலயும் கிடக்கும், ரோட் பைக் டயர்ல அது ஏறினா பஞ்சர் நிச்சயம், ஏறுச்சு, வரிசையா நாலஞ்சு பேருக்கு ஏறுச்சு. சப்போர்ட் வேன் வந்துச்சு, உள்ள பாத்தா இருந்ததெல்லாம் மலைப்பாதை சைக்கிளுக்குப் போடற 26 இன்ச் எம்டிபி டியூப், வால்வும் வேற, எங்க ரோட் பைக்கோட 700சி அளவு வீலுக்கு அது எதுக்கு ஆகும்? மெக்கானிக்னு சொன்னவரு வேன் டிரைவர். பாவம், அவர் மேல எனக்குக் கோவமே இல்ல, பஞ்சர் ஒட்டத் தெரியுமான்னு கூட அவரை யாரும் கேட்கலையாம். கடைசில வர்றவங்களோட கூட வர ஒரு ஸ்வீப் ரைடர் கூட இல்ல, ஒரு அக்கா ஆரம்பாக்கம் பக்கத்துல தனியா நின்னுட்டு இருந்திருக்காங்க, நாங்களே திரும்பிப் போய் கூட்டிட்டு வந்தோம்.

சூலூர்பேட்டையிலேர்ந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுலயே போகுது, ரெண்டு பக்கமும் தண்ணி, தூரத்துல ரோஸ் கலர்ல கோடு கிழிச்ச மாதிரி பூநாரைங்க. நிஜமா அழகு. இதை மட்டும் பாக்கணும்னா யாருக்கும் காசு குடுக்க வேண்டாம், குளிர்காலத்துல நாலு பேரு சேர்ந்து சூலூர்பேட்டை வரைக்கும் வண்டில சைக்கிளைக் கொண்டு போய் அங்கேர்ந்து ஓட்டலாம்.

ஏவுதளத்தோட கேட்ல காவலுக்கு இருக்கிற சிஐஎஸ்எஃப்காரங்க (மத்திய பாதுகாப்புப் படை) நிறுத்திட்டாங்க. மரியாதையா தான் பேசினாங்க. நம்மாளு காட்டின "லெட்டர்" என்னன்னா அவரே அனுப்பின ஈமெயிலோட ஸ்கிரீன்ஷாட், அதுக்கு பதிலே வரல! மொத்த கூட்டமும் வந்த வழியே திரும்பணும், மணி பத்தரை தாண்டிடுச்சு, வெயில் ஏறிடுச்சு, தண்ணி கேன் எல்லாம் வேன்ல, வேன் எங்கயோ.

இதுவரைக்கும் நடந்ததைக் கூட விட்டுடலாம். அதுக்கப்புறம் பண்ணதைத்தான் என்னால மன்னிக்க முடியல. சமாதானப்படுத்துறேன்னு எங்கள்ல பாதி பேரை வேன்ல ஏத்தி பழவேற்காட்டுக்குக் கொண்டு போய், ஒரு மீன்பிடி படகுல ஏறச் சொன்னாரு. லைஃப் ஜாக்கெட் ஒண்ணு கூட இல்ல, ஒரு அண்ணாவோட ஸ்கூல் படிக்கிற பையனும் கூட இருக்கான். இதே ஏரில 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு படகு கவிழ்ந்து 22 பேரு செத்தாங்க, அதுக்கப்புறம்தான் டூரிஸ்ட் படகு சவாரிக்குத் தடையே வந்துச்சு. பொன்னேரிக்கார நண்பர் ஒருத்தர் இதைச் சொல்லி சத்தம் போட்டு எல்லாரையும் நிறுத்தினாரு. இல்லன்னா ஏறியிருப்பாங்க, அவ்ளோ களைப்பு.

பணம் திருப்பிக் கேட்டோம். முதல்ல "அடுத்த ரைடுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாரு, அப்புறம் குரூப்லேர்ந்து எங்களைத் தூக்கிட்டாரு, இப்போ அதே மேப்போட புது தேதி போட்டு போஸ்டர் வந்திருக்கு. நாங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கோம். ஏற்கனவே கட்டினவங்க போஸ்டர், யுபிஐ ரசீது, சாட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு நீங்களும் குடுங்க. பர்மிஷன் இருக்குன்னு சொன்னா, யார் கையெழுத்து போட்டது, எந்த தேதின்னு கேட்டு அந்தப் பேப்பரை அனுப்பச் சொல்லுங்க, அனுப்புற வரைக்கும் ஒரு ரூபா போடாதீங்க.