சிவப்புச் சட்டைச் சனிக்கிழமை

தீம் பார்க்குக்குப் போகும் தன்பாலீர்ப்பினருக்கு அங்கே தனியாக ஒரு நாள் தேவையா என்ற கேள்விக்கு, நானும் என் துணைவரும் மூன்று முறை நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகே என்னால் ஓரளவு பதில் சொல்ல முடிகிறது. முதல் முறை, ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு, 2018 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமையன்று, அதாவது ‘கே டேஸ்’ (தன்பாலீர்ப்பினர் நாள்கள்) கூட்டம் கூடும் நாளில் போனோம். இரண்டாம் முறை, அதே பூங்காவுக்குப் பிப்ரவரியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது, கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டில் 2023 ஜூனில் முதன்முதலாக நடந்த ‘ப்ரைட் நைட்’, அதாவது தன்பாலீர்ப்பினருக்கான பெருமித இரவு. ரைடுகளையும் உணவையும் பற்றிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைப்பதால் அவற்றை விட்டுவிட்டு, அந்தத் தனி நாள் என்ன தருகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை, பெயரைப் பார்த்துத் தோன்றுவதற்கு மாறாக, யாருக்கும் ஒதுக்கப்பட்ட நாள் அன்று. டிஸ்னி நிறுவனம் அதை நடத்துவதில்லை. பூங்கா எப்போதும்போல எல்லோருக்கும் திறந்திருக்கும். 100 டாலருக்கு மேல் கொடுத்து எல்லோரும் வாங்கும் அதே சீட்டைத்தான் நாமும் வாங்க வேண்டும். 1991இல் உள்ளூர் நண்பர்கள் சிலர், ‘ஜூன் முதல் சனிக்கிழமை சிவப்புச் சட்டை அணிந்து வாருங்கள், ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வோம்’ என்று சொல்லித் தொடங்கியது அது. முதல் ஆண்டில் சுமார் 3,000 பேர் வந்தார்கள். பின்னாளில் அது பல்லாயிரக்கணக்கானோர் கூடும் ஒரு வாரக் கொண்டாட்டமாக வளர்ந்து, விடுதி விருந்துகள், நீச்சல்குள விருந்துகள், டைஃபூன் லகூன் நீர்ப்பூங்காவை இரவில் வாடகைக்கு எடுத்து நடத்தும் ஆட்டம் என்று தனித்தனிக் கட்டணங்களோடு விரிந்துவிட்டது. அந்த விருந்துகளில் இரண்டுக்குப் போனோம். ஒலியும் விலையும் அதிகம் என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பூங்காவுக்குள் நடந்ததோ வேறு வகை. காலை ஒன்பது மணிக்குப் பூங்காவின் முகப்புத் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டில் நுழைந்தபோது ஐந்தில் ஒருவராவது சிவப்பில் இருந்ததாகக் கண்ணுக்குப் பட்டது. துல்லியமான கணக்காக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு, மற்ற நிறங்களைவிட எண்ணிக்கையை மிகைப்படுத்திக் காட்டும். கோட்டையின் முன்னால் வெள்ளைத்தாடிக்காரர் இருவர், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் மற்றவர் தலை சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கடந்து குழந்தை வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வண்டியும் நிற்கவில்லை. நாங்கள் மட்டும் நின்று பார்த்தோம். அதற்குமுன் பொது இடத்தில் அந்த வயதில் அப்படியோர் இணையரை நாங்கள் பார்த்ததில்லை.

சிவப்பை அடையாளமாக வைத்ததில் ஒரு சங்கடம் உண்டு. விவரம் தெரியாமல் சிவப்பில் வந்துவிடுகிறவர்களின் பாடு. எங்களுக்கு முன்னால் வரிசையில், குடும்பச் சந்திப்புக்காக ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்த பத்துப் பேர் நின்றார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் கையசைத்து வாழ்த்துவது ஏன் என்று புரியாமல், அந்தக் குடும்பத்துப் பெரியவர் கடைசியில் எங்களிடமே கேட்டுவிட்டார். விளக்கினோம். அவர் தம் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார், பிறகு, “சரி, இந்த வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும்?” என்றார். மற்றொரு சங்கடம் எங்களுடையது. ஆர்லாண்டோவின் ஜூன் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம் என்பதை மறந்து, துவைக்காத புதுச் சட்டையை என் துணைவர் போட்டு வந்திருந்தார். நாலரை மணிக்குள் அவருடைய வெள்ளைக் கால்சட்டை இளஞ்சிவப்பாகிவிட்டது. போகிறவர்கள் சட்டையை இரண்டு முறையாவது அலசிவிட்டுக் கொண்டுபோக வேண்டும்.

இனி பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை. ரைடுகளைப் பொறுத்தவரை தனி நாள் எதுவும் தேவையில்லை என்பதை அந்த நாளே எங்களுக்குக் காட்டியது. ரைடின் வாசலில் நிற்கும் ஊழியர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “எத்தனை பேர்?” இரண்டு விரலைக் காட்டினால் போதும், அந்த இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று அவர் கேட்பதில்லை. ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டரில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும் என்பதால் காதலரும் மாமியாரும் அங்கே ஒன்றே. இந்தச் சிறு நாகரிகம் எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை. வேறொரு பூங்காவில், இருவர் அமரும் படகில் நாங்கள் ஏறப்போனபோது, “நீங்கள் சகோதரர்களா?” என்று கேட்ட ஊழியர், இல்லை என்றதும் எங்களை இரண்டு படகுகளில் தனித்தனியே ஏற்றிவிட்டார். குறையை எழுதிக் கொடுத்தோம். பதிலாக வந்தது ஒரு தள்ளுபடிக் கூப்பன். அப்படிப்பட்ட பூங்கா ஆண்டுக்கு ஒருமுறை வானவில் கொடி கட்டுவதைவிட, அந்தப் படகுத்துறை ஊழியருக்கு அரை மணி நேரம் பயிற்சி கொடுப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

ஆனால் ரைடில் இருக்கும் நேரம் மூன்று நிமிடம். வரிசையில் நிற்பது முக்கால் மணி நேரம். தீம் பார்க் என்பதே பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கமாக நிற்பதுதான். வேறுபாடு அங்கேதான் தெரிந்தது. பிப்ரவரியில் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வரிசை வளையும் ஒவ்வொரு திருப்பத்திலும், புதிய முகங்கள் எதிரில் வந்தவுடன், கோத்திருந்த கைகளை நாங்களே விட்டுவிட்டோம். ஏழெட்டு முறை விட்ட பிறகே அதைக் கவனித்தேன். ஜூன் சனிக்கிழமை அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை. வியர்வைதான் விடச் சொன்னது.

அனஹைமின் ப்ரைட் நைட் நிறுவனமே நடத்துவது. அதற்குத் தனிச் சீட்டு. மாலை ஆறு மணியிலிருந்து உள்ளே விடுவார்கள், ஒன்பது மணிக்கு மற்றவர்கள் வெளியேறிய பின் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை பூங்கா சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும். வானவில் உடையில் மிக்கியும் மின்னியும் வந்தார்கள், வரிசைகள் குறைவு, இருபாலரும் எப்பாலரும் ஆடினார்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1980இல் இதே டிஸ்னிலேண்டில் சேர்ந்து ஆடிய இரண்டு இளைஞர்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். அவர்களில் ஒருவர் வழக்குத் தொடுத்து 1984இல் வென்றார். ஒரே பாலினத்தவர் இணைந்து ஆடக்கூடாது என்ற விதியை அடுத்த ஆண்டு பூங்கா கைவிட்டது. இப்போது அதே ஆட்டத்துக்குக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று என் துணைவர் சொன்னதை நான் முழுமையாக மறுக்கமாட்டேன். பாரிஸ் டிஸ்னிலேண்டும் 2019இல் அதிகாரபூர்வமாக இத்தகைய விழாவை நடத்தியது, நாங்கள் போனதில்லை.

இரவு இனிமையாகவே கழிந்தது. ஆயினும் எனக்கு அதில் ஒரு குறை. அங்கே இருந்த எல்லோரும் எங்களை ஏற்றுக்கொள்வதற்கென்றே பணம் கட்டி வந்தவர்கள். சிவப்புச் சட்டைச் சனிக்கிழமையின் மதிப்போ, சம்மதம் கேட்கப்படாத பெரும் கூட்டத்தின் நடுவே, அதே வரிசையில், அதே வெயிலில் நிற்பதில் இருக்கிறது. தனி நாள் கேட்கிறார்கள் என்று குறை சொல்பவர்களும், பூங்காவே தனி நாள் ஒதுக்க வேண்டும் என்று கோருபவர்களும் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். தேவைப்படுவது கதவடைத்த நாள் அன்று. வழக்கமான நாளில் போதிய எண்ணிக்கை.

குழந்தைகள் வரும் இடத்தில் இது ஏன் என்ற ஆட்சேபம் பழையது. 1997இல் அமெரிக்கக் கிறித்தவப் பிரிவான தெற்கு பாப்டிஸ்ட் சபையினர் டிஸ்னியைப் புறக்கணிக்கத் தீர்மானித்து, எட்டு ஆண்டுகள் கழித்தே அதைக் கைவிட்டார்கள். கே டேஸ் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் பதாகையோடு விமானம் பறக்கவிட்டவர்களும் உண்டு. நாங்கள் பார்த்த குழந்தைகளில் பாதிப் பேர் சிவப்புச் சட்டைக்காரர்களின் குழந்தைகள். ஐஸ்கிரீம் உருகுவதைத் தவிர அவர்களுக்கு வேறு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஃப்ளோரிடாவில் 2022க்குப் பிறகு தன்பாலீர்ப்பினரைப் பொறுத்தவரை அரசியல் சூழல் இறுகியிருக்கிறது. நிறுவனம் தானே நடத்தும் இரவு கலிஃபோர்னியாவில் அமைந்ததையும், ஆர்லாண்டோவில் கூட்டம் யாருடைய அழைப்புக்கும் காத்திராமல் தானே கூடி வளர்ந்ததையும் நான் தற்செயலாக எண்ணவில்லை.

முதன்முறை போகும் இணையருக்கு, வெயிலையும் நெரிசலையும் பொறுத்துக்கொள்ள முடியுமானால், ஜூன் சனிக்கிழமையையே பரிந்துரைப்பேன். ரைடுகள்தான் முக்கியம் என்றால் பிப்ரவரி. ப்ரைட் நைட், ஆட விரும்புகிறவர்களுக்கு. எங்களுக்கு இனிமேல் பிப்ரவரியே போதும், கையை விடாமல் பழகிக்கொண்டால் சரி என்பது என் முடிவு. அந்தப் பழக்கம் சனிக்கிழமைதான் வரும், ஆண்டு தோறும் புதுப்பிக்கவும் வேண்டும் என்கிறார் என் துணைவர். அடுத்த பயணத்துக்குச் சீட்டு இன்னும் வாங்கவில்லை.