மூன்று பேருக்கான ரைஸ் குக்கர்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் இந்த 0.6 லிட்டர் குக்கரை 39 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். ஒன்றரை கப் பொன்னி அரிசி எங்கள் மூவருக்குச் சரி. குழையவில்லை, அடிப்பிடிக்கவில்லை. பொங்கும்போது மூடியோரம் கஞ்சி வழிகிறது, அதுதான் குறை.

அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுலயா சோறாக்கப் போற?” என்றார். பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். பித்தளை அண்டாவில்தான் சோறு. 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற பிரசாரம் வந்தது, அம்மாவுக்கு அண்ணனும் நானும் மட்டும். 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றது அரசு. எனக்கு ஒரே மகள். 2023இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதமே, அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையே, 0.97தான்.

அப்புறம் தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வந்தபோது மூன்று தடவை உலை வைத்தேன். பழைய பெரிய குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள்.